தாயின் கையா, பிள்ளையின் பசியா?

ஒரே வீடு. ஒரே உலையில் வெந்த சோறு, ஒரே குழம்பு. மூத்தவன் எலும்பும் தோலுமாக வளர்கிறான். இளையவளுக்கு நான்கு வயதிலேயே எட்டு வயதுப் பிள்ளையின் சட்டைதான் பொருந்துகிறது. இருவருக்கும் பரிமாறியது ஒரே கை. பிறகு எப்படி இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்வி நம்மில் பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அதை ஒரு புதிராக நாம் எடுத்துக்கொள்வதில்லை, குற்றச்சாட்டாக மாற்றிவிடுகிறோம். கைக்குழந்தையாக இருந்தபோது "கொழுகொழுன்னு இருக்கா, கண்ணு பட்டுடப் போகுது" என்று கன்னத்தில் மை வைத்த அதே உறவுக்கூட்டம், அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் "என்னத்தைப் போட்டு இப்படி வளர்க்கிறே?" என்று கேட்கிறது. கேள்வி பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் வரும். அவள் மருத்துவரிடம் போனால் அங்கேயும் "வாயைக் கட்டுங்கம்மா" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுவதுண்டு.

வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எடையை வெகுவாகத் தாண்டி, நடையையும் மூச்சையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போன பருமனை இந்த அத்தியாயத்தில் மிகைப் பருமன் என்று அழைப்போம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. மிகைப் பருமன் உள்ள ஒரு குழந்தையைப் பார்த்ததும் ஊர் உடனே கண்டுபிடித்துவிடும் குற்றவாளியைப் பற்றியும், அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்று அறிவியல் தேடிப் பார்த்த கதையைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

ஆறு படங்கள்

1961இல் அமெரிக்காவில் 10, 11 வயதுப் பிள்ளைகள் 640 பேரிடம் ஆறு படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்தில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளை. மற்றவற்றில் ஊன்றுகோலோடு ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, ஒரு கை இல்லாத பிள்ளை, முகம் சிதைந்த பிள்ளை, உடல் பருத்த பிள்ளை. யாரை ரொம்பப் பிடிக்கிறது, அடுத்து யாரை என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பருத்த பிள்ளைக்குக் கடைசி இடம் கிடைத்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஜேனட் லாட்னர், ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதே சோதனையை 458 பிள்ளைகளிடம் திரும்ப நடத்தினார்கள். 2003இல் முடிவு வெளியானது. அப்போதும் பருத்த பிள்ளைதான் கடைசி. அது மட்டுமல்ல, வெறுப்பின் அளவு 1961இல் இருந்ததைவிடக் கூடியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் பருத்த பிள்ளைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருந்தது. தினமும் பக்கத்து பெஞ்சில் பார்த்துப் பழகிய முகம்தான், ஆனாலும் மனம் இளகவில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவன் தன் நிலையைத் தானே தேடிக்கொண்டான் என்று யாரும் நினைப்பதில்லை. பருமனைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறோம். தின்றான், பருத்தான், நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. குழந்தை என்றால் "நிறுத்தியிருக்க வேண்டியது" பெற்றோர் ஆகிறார்கள். ஆக, நம் வெறுப்பு முழுவதும் காரணம் பற்றிய ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முடியும்.

தத்துப் பிள்ளைகளின் சாட்சி

வளர்ப்புதான் காரணம் என்றால், வளர்த்தவரைப் போலத்தான் பிள்ளையின் உடம்பு அமைய வேண்டும். இதைப் பார்ப்பதற்குத் தத்துப் பிள்ளைகளைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர்களுக்கு உடல் தந்தவர் ஒருவர், உணவு தந்தவர் வேறொருவர்.

டென்மார்க் நாட்டில் தத்துக்கொடுப்பு பற்றிய அரசுப் பதிவேடு நீண்ட காலமாக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு வந்தது. ஸ்டங்கார்டும் அவருடைய குழுவினரும் அதிலிருந்து வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட 540 தத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன், மிகுந்த பருமன் என நான்கு வகையாகப் பிரித்து, பெற்றவர், வளர்த்தவர் இரு தரப்பினரின் உடல்வாகோடும் ஒப்பிட்டார்கள். 1986இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் உடல்வாகு, பார்த்தே அறியாத பெற்றவர்களோடு ஒத்துப்போனது. ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போட்ட வளர்ப்புப் பெற்றோரோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்வீடன் நாட்டு இரட்டையர்களிடம் பார்த்தபோதும் இதே கதைதான். பிறந்த கொஞ்ச காலத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்கள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்களைப் போலவே எடையில் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள்.

சரி, மரபணுவில் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்று உடம்புக்குள் என்னதான் செய்கிறது? சோற்றை அள்ளி வாயில் வைப்பது மரபணு இல்லையே, கைதானே?

பார் ஹார்பர் எலிகள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற சிற்றூரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளுக்கு நடுவில் பந்துபோல் பருத்த எலிகள் பிறந்தன. தீராமல் தின்றுகொண்டே இருந்தன. பிறகு அதே ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் துணிச்சலான ஒரு சோதனை செய்தார். பருத்த எலியையும் சாதாரண எலியையும் அறுவை செய்து பக்கவாட்டில் ஒட்டி, இரண்டின் இரத்தமும் ஓரளவு கலக்கும்படி வைத்தார். பருத்த எலி தீனியைக் குறைத்தது, மெலிந்தது. சாதாரண எலியின் இரத்தத்திலிருந்து "போதும்" என்ற செய்தி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். பருமன் என்பது பழக்கத்தால் வருவது என்று எல்லோரும் உறுதியாக நம்பிய காலம் அது. பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

அந்தச் செய்தி எது என்பது 1994இல் தெரிந்தது. நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. உடலில் உள்ள கொழுப்புதான் அந்தச் செய்தியை அனுப்புகிறது. லெப்டின் என்று அதற்குப் பெயர். இரத்தத்தில் கலந்து ஓடும் ஓர் இயக்குநீர், அதாவது ஹார்மோன். கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதைப் படித்துப் பசியைத் தணிக்கும்.

கேம்பிரிட்ஜுக்கு வந்த சிறுமி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி என்ற இரண்டு மருத்துவர்களிடம் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவளுக்கு 8 வயது, எடை 86 கிலோ. அந்த வயதுப் பிள்ளை சராசரியாக 25 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிறந்தபோது அவள் எல்லாக் குழந்தைகளையும் போல இயல்பான எடையோடுதான் இருந்தாள். சில மாதங்களிலேயே பசி தொடங்கியது, எடை ஏறத் தொடங்கியது. பாரம் தாங்காத கால் எலும்புகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். கால்களிலிருந்து கொழுப்பை உறிஞ்சியும் எடுத்திருந்தார்கள். அவளுடைய உறவுக்காரச் சிறுவன் ஒருவனுக்கும் இதே நிலை. 2 வயதில் அவன் 29 கிலோ.

இவ்வளவு கொழுப்பு உள்ள உடம்பில் லெப்டின் நிரம்பி வழிய வேண்டும். பரிசோதித்தபோது அந்த இரண்டு பிள்ளைகளின் இரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைந்திருந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். மரபணுவின் எழுத்துகளை நம் உடல் மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கும். லெப்டினுக்கான மரபணுவில் இவர்களுக்கு ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அந்த இடத்துக்குப் பிறகு வரும் மும்மூன்று கூட்டங்கள் எல்லாம் இடம் தவறி, பொருளற்றுப் போய்விட்டன. லெப்டின் உருவாகவே இல்லை. 1997இல் இது வெளியானது. ஒரே ஒரு மரபணுவின் பிழை மனிதருக்குப் பருமனைத் தரும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்றுகளில் இது ஒன்று.

பெற்றோர் எப்படி நலமாக இருந்தார்கள்? ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெற்றோர் இருவரிடமும் ஒரு நல்ல படி இருந்தது, அது போதுமானதாக இருந்தது. அவர்கள் நெருங்கிய உறவுக்குள் மணந்தவர்கள். அதனால் பழுதான அதே படி இருவரிடமும் இருந்தது. பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்த நம் ஊரில், மிகைப் பருமன் உள்ள குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் இந்தக் கோணத்தையும் நினைவில் வைப்பது நல்லது. இதையும் இன்னொரு பழியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னிடம் பழுதான படி இருப்பது எந்தத் தாய்க்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இனி அந்தச் சிறுமியின் இடத்திலிருந்து பாருங்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, ஆனால் மிதவை பழுதாகிவிட்டதால் கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுடைய மூளையின் நிலை அதுதான். லெப்டின் இல்லை என்றால் மூளைக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே ஒன்று: உடம்பில் சேமிப்பு இல்லை, இது பஞ்சம். 86 கிலோ எடையுள்ள அந்த உடம்பு, பட்டினியால் சாகப்போகும் குழந்தையின் தவிப்போடு உணவைத் தேடியது. இந்தக் குறை உள்ள குழந்தைகள் உணவு கிடைக்காவிட்டால் கதறி அழுவார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்ததை உறைந்தபடியே மெல்லுவார்கள், குப்பைக்கூடையில் கிடப்பதைக்கூட எடுப்பார்கள். அடுக்களைக்குப் பூட்டுப் போடும் தாயின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கொடுத்தால் ஊர் ஏசும். கொடுக்காவிட்டால் பிள்ளை பஞ்சத்தில் அடிபட்டதுபோல அழும். எத்தனை கண்டிப்பான வளர்ப்பும் இந்தப் பசிக்கு முன்னால் நிற்காது.

லெப்டினை ஊசியாகத் தினமும் செலுத்தத் தொடங்கியபோது சிறுமிக்கு 9 வயது, எடை 94.4 கிலோ. ஒரு வாரத்துக்குள் அவள் சாப்பிடும் விதம் மாறியது. பன்னிரண்டு மாதங்களில் 16.4 கிலோ குறைந்தாள். குறைந்ததில் ஏறக்குறைய முழுவதும் கொழுப்புதான். இதே பிழையோடு பிறந்த இன்னொரு குழந்தை 3 வயதில் 42 கிலோ இருந்தது. சிகிச்சைக்குப் பின் 7 வயதில் அதன் எடை 32 கிலோ.

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று உணவை முன்னால் வைத்து அளந்தார்கள். இந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஊசிக்கு முன் ஒரே வேளையில் 1,125 கலோரி சாப்பிட்டார். வளர்ந்த ஆள் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடுவதில் சுமார் பாதி அது. லெப்டின் கொடுத்த பிறகு அதே பிள்ளைக்கு 180 கலோரி போதுமாயிற்று. உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தியில் இந்தப் பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. மரபணு கை வைத்த இடம் பசி மட்டுமே. வீடு மாறவில்லை, தாய் மாறவில்லை, கண்டிப்பு கூடவில்லை. ஓர் ஊசி மட்டும் சேர்ந்தது, தட்டை நகர்த்திவைக்கப் பிள்ளையால் முடிந்தது.

பதிவேட்டில் ஏறிய பெயர்கள்

இந்தக் கதையை வெறும் மருத்துவ அதிசயமாக விட்டுவிட முடியாது. இதே கேம்பிரிட்ஜ் குழு மிகைப் பருமன் உள்ள 300 குழந்தைகளை ஆராய்ந்து 2009 டிசம்பரில் ஒரு முடிவை வெளியிட்டது. சிலருக்கு 16ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருந்தது. அந்தத் துண்டில் இருந்த மரபணுக்களில் ஒன்று லெப்டினின் செய்தியை மூளைக்குள் எடுத்துச் செல்ல உதவுவது. அந்தக் குழந்தைகளுக்கும் அடங்காத பசி இருந்தது.

அவர்களில் சிலருடைய பெயர்கள், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான சமூகநலத் துறைப் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தன. பெற்றோர் வேண்டுமென்றே திணித்துத் திணித்து ஊட்டுகிறார்கள் என்ற அனுமானமே காரணம். ஆய்வு முடிவு வந்த பிறகு பெயர்கள் நீக்கப்பட்டன. எந்த நேரமும் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்று கதவைப் பார்த்தபடி அந்த வீடுகள் கழித்த மாதங்களை எந்த நீக்கமும் திருப்பித் தராது.

அமெரிக்காவிலும் விவாதம் இதை நோக்கிப் போனது. உயிருக்கு ஆபத்தான பருமன் உள்ள குழந்தைகள் சிலரை அரசு தற்காலிகமாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம் என்று 2011 ஜூலையில் ஒரு மருத்துவரும் ஒரு சட்ட அறிஞரும் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். கடும் எதிர்ப்பு வந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் ஒஹையோ மாநிலத்தில் 90 கிலோவைத் தாண்டிய 8 வயதுச் சிறுவன் ஒருவனைத் தாயிடமிருந்து பிரித்து வேறொரு வீட்டில் வைத்தார்கள். மறு ஆண்டு அவன் தாயிடம் திரும்பினான்.

பிள்ளைகளை உண்மையிலேயே கைவிடும் பெற்றோர் உண்டு. அவர்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்கும் பணி கடினமானது, தேவையானது. ஆனால் எடைத் தராசு காட்டும் எண்ணை அந்தக் கைவிடலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பசியை. 5 வயதுக்கு முன்பே தொடங்கிய மிகைப் பருமன், அடங்காத பசி இரண்டும் சேர்ந்திருந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். விசாரணைக்கு முந்தைய படி அது.

எல்லாமே மரபணுதானா?

இல்லை. லெப்டின் சுத்தமாக இல்லாத பிள்ளைகள் மிக அரிது. சிறு வயதிலேயே மிகைப் பருமன் வரும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு, எம்.சி.4.ஆர் என்ற மற்றொரு பசி மரபணுவில் பழுது இருப்பதாக ஃபரூக்கி குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தனி மரபணுக்களில் அடிக்கடி பழுதாவது அதுதான். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு, தனியாகப் பார்த்தால் அற்பமான பல மரபணு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன.

அவற்றில் 2007இல் முதலில் அகப்பட்டது எஃப்.டி.ஓ. ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவருக்கு அதன் பசி கூட்டும் வடிவம் இரண்டு படிகளாகவும் இருக்கிறது. அந்த வடிவம் ஒரு படிகூட இல்லாதவர்களைவிட அவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுள்ளவர்கள். லண்டனில் ஜேன் வார்டில் என்ற உளவியலாளர் நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு வயிறார உணவு கொடுத்துவிட்டு, பிறகு ஒரு தட்டில் பிஸ்கட்டுகளை வைத்தார். இந்த வடிவம் உள்ள குழந்தைகள் அதிகப் பிஸ்கட்டுகளை எடுத்தார்கள். உணவு ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான், ஆனால் "போதும்" என்ற உணர்வு சிலருக்குத் தாமதமாகவும் மெலிதாகவும் வருகிறது. இளைய மகளின் உடம்பு அண்ணனின் உடம்பிலிருந்து வேறுபடுவதற்கு இவ்வளவு போதும்.

ஆனால் சோதனையில் அந்தப் பிஸ்கட் தட்டு இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? நம் மரபணுக்கள் ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. நம்மைச் சுற்றி வைக்கப்பட்ட தட்டுகள் மாறிவிட்டன. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் எல்லாப் பிள்ளைகளின் கண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. மெலிதான "போதும்" உள்ள பிள்ளையை அவை கூடுதல் பலத்தோடு இழுக்கின்றன. அதே பிள்ளைக்கு மாலையில் ஓடியாட இடமில்லை, இருந்தாலும் ட்யூஷன் இருக்கிறது. இவற்றில் எதையும் அந்த வீட்டின் தாய் தீர்மானிக்கவில்லை.

2025இல் இந்தியக் கடைகளுக்கு வந்த டிர்செப்படைடு, செமாக்ளூடைடு ஊசிகளைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அவை லெப்டின் அல்ல, குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேறு நிறைவுச் செய்திகளைப் போல நடிப்பவை. அவற்றைப் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் பலர், நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் இத்தனை ஆண்டுகளாக மன உறுதி இல்லாமல் இருந்து, ஓர் ஊசியால் திடீரென்று வந்துவிட்டதா? அவர்கள் மல்லுக்கட்டிய பசியின் அளவு நம்முடையதைவிடப் பெரிது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

குடும்பத்தால் ஆகக்கூடியது

பழி இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று ஆகாது. சிறு வயதிலேயே நீரிழிவு வந்த பிள்ளைக்கு நோயைத் தந்தது தாய் அல்ல, ஊசி போட வேண்டியவள் அவள்தான்.

முதல் பொறுப்பு வாய்ச்சொல்லில் இருக்கிறது. அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. "நீ குண்டு" என்று பத்து வயதில் யாராவது சொல்லக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடப் பத்தொன்பதில் பருமனாக இருக்க வாய்ப்பு அதிகம். பத்து வயதில் இருந்த எடையைக் கணக்கில் கழித்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. சொன்னவர் வீட்டு ஆளாக இருந்தபோது விளைவு இன்னும் கூடுதல். திருத்துவதற்காகவே கேலி செய்வதாக நினைக்கும் சித்தப்பாக்களும் பாட்டிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, வீட்டுத் தட்டு. லெனார்டு எப்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர் 6 முதல் 12 வயது வரையுள்ள பருமனான பிள்ளைகளின் குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார். மூன்று பிரிவினருக்கும் உணவு பற்றிய ஒரே பாடம்தான்: போக்குவரத்து விளக்குப்போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று உணவைப் பிரித்து, சிவப்பைக் குறைப்பது. முதல் பிரிவில் பெற்றோரும் பிள்ளையும் இருவருமே தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டும், முன்னேற்றத்துக்கு இருவருக்கும் பாராட்டு. இரண்டாம் பிரிவில் பிள்ளைக்கு மட்டும். மூன்றாவதில் யாருக்கும் குறிப்பிட்ட இலக்கு இல்லை, கூட்டத்துக்கு வந்தால் போதும்.

பத்து ஆண்டுகள் கழித்து அளந்தார்கள். வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சியிருந்த எடை முதல் பிரிவுப் பிள்ளைகளுக்கு 7.5 புள்ளி இறங்கியிருந்தது. பிள்ளையை மட்டும் மாறச் சொன்ன பிரிவில் அது 4.5 புள்ளி ஏறியிருந்தது. மூன்றாவதில் 14.3 புள்ளி ஏற்றம். முதல் பிரிவுப் பெற்றோர்களின் சொந்த எடை இதற்குள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. அவர்களோடு சேர்ந்து தொடங்கிய பிள்ளைகளின் எடை திரும்பவில்லை.